மீன் பிழைத்தால் கடை பிழைக்கும்!

துணிக் கடைக்காரர் இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டுகிறார். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார். மறுநாள் காலையில் கடையைத் திறந்தால், அடுக்கி வைத்த சேலைகள் அடுக்கியபடியே இருக்கின்றன. மளிகைக் கடைக்காரரின் துவரம் பருப்பும் அப்படித்தான். ஒரு மாதம் விற்காவிட்டாலும் மூட்டையிலேயே கிடக்கும்.

வண்ண மீன் கடைக்காரருக்கு இந்த நிம்மதி கிடையாது. அவருடைய சரக்கு மூச்சு விடுகிறது!

அதற்கு வேளா வேளைக்குத் தீனி போட வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குள் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் காய்ச்சல் வந்தால் மருந்து தர வேண்டும். விற்காத சேலையை ஆடித் தள்ளுபடியில் விற்றுவிடலாம். செத்த மீனை எந்தத் தள்ளுபடியில் விற்பது?

கடைக்கு முன்னால் நின்று கண்ணாடித் தொட்டிகளைப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் அழகாகத் தெரிகிறது. உள்ளே இருப்பவரின் கவலை வெளியே தெரிவதில்லை. சொந்தக் கைமுதலைப் போட்டு, மனைவி மக்களின் உதவியோடு நடத்தப்படும் சிறு கடைகளின் கதை இது. இந்தக் கடைகள் நிலைப்பதற்கு வழி இருக்கிறது. அந்த வழியில் பாதி கடைக்காரர் கையில். மறு பாதி மீன் வாங்கும் குடும்பங்களின் கையில்!

மெரினா முதல் கொளத்தூர் வரை

மீனை வேடிக்கை பார்ப்பது சென்னை மக்களுக்குப் புதிதல்ல. 1909ஆம் ஆண்டிலேயே மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. பிறகு, சென்டிரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு கிளியும் புறாவும் வண்ண மீனும் வாங்கலாம் என்ற நிலை இருந்தது. 1985ஆம் ஆண்டில் மூர் மார்க்கெட் தீக்கு இரையாயிற்று.

இன்று வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். வட சென்னையில் உள்ள இந்தப் பகுதியில் மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் நடக்கின்றன. கொளத்தூரைச் சுற்றியும், திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் பல குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்க்கின்றன. கப்பி, மோலி, பைட்டர், கோல்டு பிஷ், ஏஞ்சல் என்று எத்தனையோ வகைகள். இவை பிற மாவட்டங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் போகின்றன.

மீன் எப்படிப் பயணம் செய்கிறது? பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மீதி இரண்டு பங்கும் ஆக்சிஜன். வாயை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றி விடுகிறார்கள். விடிந்ததும் வெளியூர்க் கடைக்காரர் பெட்டியைப் பிரிக்கிறார். முதலில் அவர் எண்ணுவது உயிரோடு இருக்கும் மீன்களை அல்ல. அடியில் கிடப்பவை எத்தனை என்றுதான் பார்க்கிறார்!

மின்சாரம் நின்றால்...

நெருக்கமாக மீன் விட்ட தொட்டிக்குக் காற்று மோட்டார்தான் உயிர். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அரை மணி, ஒரு மணி நேரத் தடை என்றால் சமாளிக்கலாம். நாள் கணக்கில் தடை என்றால்?

2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம். 2016 டிசம்பரில் வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூன்று முறையும் நகரின் பல பகுதிகளில் மின்சாரம் நாள் கணக்கில் நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் மீன் கடைக்காரருக்கு ஒரே வழிதான். குவளையால் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐம்பது தொட்டிகளுக்கு எத்தனை கை வேண்டும்? பேட்டரி மோட்டாரும் ஜெனரேட்டரும் உண்டு. ஆனால் அவற்றுக்கும் பணம் வேண்டுமே!

மின்சாரம் இருந்தால் தண்ணீர்க் கவலை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு போயின. மனிதர் குடிக்கவே லாரியை எதிர்பார்த்து நின்ற காலத்தில், மீனுக்குத் தண்ணீர் வாங்குவது எளிதா?

குழாய்த் தண்ணீர் கிடைத்தாலும் அப்படியே ஊற்றிவிட முடியாது. கிருமியைக் கொல்ல அதில் குளோரின் கலந்திருக்கிறார்கள். மனிதருக்கு நன்மை. மீனின் செவுளுக்கு நஞ்சு. ஒரு நாள் முழுவதும் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தோ, குளோரினை முறிக்கும் மருந்து போட்டோதான் ஊற்ற வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். கப்பிக்கும் மோலிக்கும் அது ஒத்துக்கொள்ளும். அமேசான் ஆற்றிலிருந்து வந்த நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற மீன்களுக்கு மென்னீர் வேண்டும். வாடிக்கையாளர் கேட்கிறார் என்று எல்லா மீனையும் வாங்கி வைக்க முடியாது.

இதற்கு மேல் நோய்! மீன் உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியின் வேலை அது. ஒரு தொட்டியில் போட்ட வலையை அலசாமல் அடுத்த தொட்டியில் போட்டால் போதும். நோயும் கூடவே போய்விடும். ஆகவே, புதிதாக வந்த மீனை ஒன்றிரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே விற்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் செலவுதான். வரவு கிடையாது.

ஒரு சிறு கணக்கு

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடலாம். கடைக்காரர் ஒரு மீன் 10 ரூபாய் வீதம் 100 மீன் வாங்குகிறார். முதல் 1,000 ரூபாய். ஒரு மீனை 20 ரூபாய்க்கு விற்கிறார். "பத்து ரூபாய்ச் சரக்கை இருபது ரூபாய்க்கு விற்கிறாரே! கொள்ளை லாபம்!" என்று தோன்றும்.

வழியிலும் முதல் வாரத்திலும் 20 மீன் செத்துவிட்டால், மீதி 80. வரவு 1,600 ரூபாய். கையில் நிற்பது 600. நாற்பது செத்தால் வரவு 1,200. கையில் நிற்பது 200. பாதி செத்தால்? வரவு 1,000. போட்ட முதல் வந்தது. லாபம் பூஜ்யம்!

கடை வாடகை, வியாபாரத்துக்கான உயர்ந்த கட்டணத்தில் மின்சாரம், தீனி, மருந்து, தண்ணீர், வண்டிச் சத்தம் எல்லாம் அந்த 600இலோ 200இலோ அடங்க வேண்டும். அடங்குமா?

அடங்காது. அதனால்தான் சிறு கடைக்காரர் மீனை மட்டும் நம்பி இருப்பதில்லை. தொட்டி, மோட்டார், வடிகட்டி, விளக்கு, தீனி ஆகியவற்றில் வரும் லாபமே அவருக்குக் கைகொடுத்தது. இப்போது அதற்கும் போட்டி வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர் அரை மணி நேரம் விசாரிக்கிறார். எந்த மோட்டார் நல்லது, எத்தனை லிட்டர் தொட்டிக்கு எது பொருந்தும் என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். பிறகு கைப்பேசியில் விலை பார்த்து, ஐம்பது ரூபாய் குறைவாக வெளியே வாங்கிக்கொள்கிறார். சொன்ன யோசனைக்குக் கூலி கிடையாது!

கண்ணாடிக் கிண்ணத்தில் கண்ணீர்

இவ்வளவையும் ஒரு கடைக்காரர் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. அது கடையில் நடப்பதில்லை. வாடிக்கையாளர் வீட்டில் நடக்கிறது.

ஒரு தகப்பனார் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"அப்பா, அந்தச் சிவப்பு மீனு வேணும்ப்பா!"

"என்னங்க விலை?"

ஒரு கண்ணாடிக் கிண்ணம், இரண்டு கோல்டு பிஷ், ஒரு டப்பா தீனி. ஐந்து நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். பிள்ளைகள் மாறி மாறித் தீனி போடுகிறார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்குகிறது. ஐந்தாம் நாள் ஒரு மீன் மல்லாந்து மிதக்கிறது. மறுநாள் இன்னொன்று. சிறுமி அழுகிறாள். "இனிமேல் வீட்டில் மீனே கூடாது" என்று தாயார் சொல்லிவிடுகிறார். கிண்ணம் பரணுக்குப் போகிறது.

"கடைக்காரன் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டான்" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. ஆனால் மீன் நோயால் சாகவில்லை. தன் கழிவிலேயே மூழ்கிச் செத்தது!

இதைச் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும். மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் சில நல்ல நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இதனால் மீனுக்குத் தீங்கு மிகக் குறைவு. தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் அடியில் உள்ள கற்களிலும் குடியேற வேண்டும். புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

அதற்குள் அவசரப்பட்டு நிறைய மீன் விட்டால் நஞ்சு மிஞ்சிவிடும். கண்ணாடிக் கிண்ணத்திலோ வடிகட்டியே கிடையாது. தண்ணீரும் இரண்டு மூன்று லிட்டர்தான். கோல்டு பிஷ்ஷோ அதிகமாகத் தின்று அதிகமாகக் கழிக்கும் மீன். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும் அது, நன்றாக வளர்ந்தால் அரை அடிக்கு மேலும் போகும். பத்து ஆண்டுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது. பத்தாண்டு வாழ வேண்டிய உயிர் ஐந்து நாளில் போனது!

கடைக்காரருக்கு என்ன நஷ்டம்? அவர்தான் பணத்தை வாங்கிவிட்டாரே என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த மீன் இரண்டு ஆண்டு வாழ்ந்திருந்தால், அந்தக் குடும்பம் மாதா மாதம் தீனி வாங்க வந்திருக்கும். அடுத்த தீபாவளிக்குப் பெரிய தொட்டி வாங்கியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வந்திருக்கும். இப்போது அந்தத் தெருவுக்கே மீன் ஆசை போய்விட்டது. ஒரு கிண்ணத்தை விற்றவர் ஒரு தெருவை இழந்தார்!

"இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்பவர்

நல்ல கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விலை சொல்வதற்கு முன் கேள்வி கேட்கிறார்கள். "தொட்டி இருக்கிறதா? எத்தனை அடி நீளம்? தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆயிற்று?" என்று விசாரிக்கிறார்கள். "இன்றைக்குத் தொட்டியை மட்டும் எடுத்துப் போங்கள். தண்ணீர் ஊற்றி, வடிகட்டியை ஓட விடுங்கள். பிறகு வந்து முதலில் இரண்டு மீன் வாங்குங்கள்" என்கிறார்கள்.

வந்த பணத்தைத் திருப்பி அனுப்பும் வியாபாரம் இது! வாடகை கொடுக்க வேண்டிய முதல் தேதியில் இப்படிச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். பல பேருக்கு இது பிடிப்பதில்லை. "காசு கொடுக்கிறேன், மீன் தர மாட்டேன் என்கிறாரே!" என்று கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே கிண்ணமும் மீனும் உடனே கிடைக்கின்றன. உண்மை சொன்னவர் கடையில் ஈ ஓட்டுகிறார். சொல்லாதவர் கடையில் கூட்டம்!

இந்த அநியாயம் தொடர்ந்தால், நல்லவரும் ஒரு நாள் கிண்ணம் விற்கத் தொடங்கிவிடுவார். அல்லது கடையை மூடிவிடுவார். இதை மாற்றும் சக்தி வாங்குபவர்களிடம்தான் இருக்கிறது.

ஊருக்கும் இதில் நன்மை தீமை உண்டு. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று சொல்லி விற்கப்படும் 'டேங்க் கிளீனர்' மீனைப் பலரும் வாங்குகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாமல் போனதும், "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் அது பெருகிக் கிடக்கிறது. முள்ளும் தடித்த தோலும் உடைய அது மீனவர் வலையைக் கிழிக்கிறது. விற்கும்போதே "இது ஓர் அடி வளரும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எத்தனை வலைகள் தப்பியிருக்கும்!

அரசு செய்ய வேண்டியது

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகளை வெளியிட்டது. பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அவை. கடைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், 158 வகை உயிர்களை விற்கக் கூடாது என்றும் அவை கூறின. வியாபாரிகளும் மீன் வளர்ப்போரும் எதிர்த்தார்கள். பின்னர் விதிகள் திரும்பப் பெறப்பட்டன.

மீனும் உயிர்தான். அதை வதைக்கக் கூடாது என்ற நோக்கம் சரியானதே. ஆனால் பெரிய நிறுவனத்துக்கும் ஒற்றை ஆள் கடைக்கும் ஒரே சுமையை ஏற்றினால் சிறியவர்தான் நசுங்குவார். அதற்காக விதியே வேண்டாம் என்பதும் தவறு. நடுவழி ஒன்று உண்டு.

ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அட்டை தொங்க வேண்டும். அதில் தமிழில் பெரிய எழுத்தில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். இந்த மீன் எவ்வளவு பெரிதாக வளரும்? இதற்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? எந்த மீனோடு சேரும், எதோடு சேராது? இவ்வளவுதான். இதற்கு எந்தக் கடைக்காரருக்கும் பெரிய செலவு இல்லை. அட்டையில் உண்மை இருக்கிறதா என்று மீன்வளத் துறை பார்த்தால் போதும். உண்மை சொல்பவரும் சொல்லாதவரும் அப்போது ஒரே தராசில் நிற்பார்கள்.

2020ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வண்ண மீன் வளர்ப்போருக்கு மானியம் வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 60 சதவிகிதம். வளர்ப்பவருக்கு உதவுவது நல்லதே. வளர்த்த மீனை மக்களிடம் சேர்க்கும் சிறு கடைக்காரருக்கும் பயிற்சியும், புயல் காலத்துக்கு வேண்டிய பேட்டரி மோட்டார் வாங்கக் குறைந்த வட்டிக் கடனும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

மீன் வளர்க்க விரும்பும் பெற்றோர் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிண்ணம் வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கப்பி, மோலி போன்ற சிறு மீன்களை வளர்க்கத் தொடங்குவதற்கு அது போதும்.

ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். தண்ணீர் ஊற்றி வடிகட்டியை ஓடவிட்டு, முதலில் இரண்டொரு மீன் விடலாம். சில வாரம் கழித்து மெல்ல மெல்லச் சேர்க்கலாம்.

வாங்கி வந்த பையை உடனே கவிழ்க்கக் கூடாது. பையோடு கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட வேண்டும். இரண்டு தண்ணீரின் சூடும் சமமான பிறகு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை விட வேண்டும்.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத்தான் தீனி. பசியால் சாகும் மீனைவிட, பிள்ளைகளின் பாசத்தால் சாகும் மீன்தான் அதிகம்!

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். முழுவதையும் கொட்டிக் கழுவக் கூடாது. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் தேய்க்கக் கூடாது. நல்ல நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

பைட்டர் மீனில் இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விடவே கூடாது. சண்டையிட்டு மடியும். வளர்க்க முடியாமல் போன மீனைக் குளத்தில் விடக் கூடாது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கடைக்குப் போனதும் விலையைக் கேட்க வேண்டாம். முதலில், "இந்த மீன் எவ்வளவு பெரிதாக வளரும்? என் தொட்டிக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று கேளுங்கள். நின்று நிதானமாகப் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். "இன்றைக்கு வேண்டாம், பத்து நாள் கழித்து வாருங்கள்" என்று சொல்பவரைக் கோபிக்காதீர்கள். அதே கடைக்குப் பத்து நாள் கழித்துப் போங்கள். அவர் சொன்ன மோட்டாரை அவரிடமே வாங்குங்கள். அந்த ஐம்பது ரூபாய் வீண் போகாது. அடுத்த முறை உங்கள் வீட்டு மீன் நோய்ப்படும்போது, இரவு எட்டு மணிக்கும் யோசனை கேட்க ஒரு மனிதர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.